ரெக்சின் டை கலர் சேரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

ஃபியட் பத்மினி, அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும், உள்ளே சீட்டு, டோர் பேட் (கதவின் உள்பக்க உறை), டேஷ்போர்டு ஆகியவற்றின் ரெக்சினுக்கு டை (நிறப் பூச்சு) அடித்து முடித்ததும் வருகிற புகார் ஒன்றுதான்: கலர் சேரவில்லை. உடனே டப்பாவைத் திறந்து இரண்டு சொட்டு கருப்போ மஞ்சளோ விடக் கை பரபரக்கும். விடாதீர்கள். கலர் சேராததற்கு நிறமிக் கலவை காரணமாக இருப்பது நாம் நினைப்பதைவிடக் குறைவு. எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள், பளபளப்பு எவ்வளவு, எந்த இடத்தை அசல் என்று எடுத்துக்கொண்டீர்கள், அடிக்கும்போது காற்றில் ஈரம் எவ்வளவு, கீழே என்ன அழுக்கு இருந்தது, இதில் ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். அது தெரியாமல் சொட்டு விட்டால் நல்ல கலவையும் கெட்டுவிடும், இரண்டு கோளாறு ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

நான் இருப்பது செங்கோட்டைப் பக்கம். தென்காசி, கடையநல்லூர் வண்டிகளும் வரும், புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு, புனலூர் வண்டிகளும் வரும். மலைக்குக் கிழக்கே நின்ற வண்டி வெயிலில் வெளுத்திருக்கும், மேற்கே நின்றது பூசணம் பிடித்திருக்கும். அதனால் ஒரே கிரீம் கலர் டோர் பேட் என்றாலும் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அறிகுறிக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வினைல் டை ரெக்சினுக்குள் ஊறிப் போவதில்லை. ரெக்சினின் மேல்தோலான பி.வி.சி. பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகிற ரெசின் (பிசின்), நிறமி, ரெசினைக் கரைத்து வைத்திருக்கும் வீரியமான சால்வென்ட் (கரைப்பான்) இவைதான் அதில் இருக்கின்றன. சால்வென்ட் ரெக்சினின் மேல்தோலைக் கொஞ்சம் இளக்கும், ரெசின் அதைக் கவ்விக்கொண்டு மெல்லிய படலமாக நிற்கும். படலம் என்பதால் அதன் தடிமன், மினுமினுப்பு, அடியில் இருப்பது எல்லாமே கண்ணுக்குத் தெரியும் கலரை மாற்றும்.

காலையில் சேர்ந்திருந்தது, சாயங்காலம் பார்த்தால் சேரவில்லை

இது கலவைத் தப்பு மாதிரி தெரியும், ஆனால் வெளிச்சத்தின் வேலை. இரண்டு கலர் ஒரு வெளிச்சத்தில் அச்சாக ஒத்துப்போய், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கலாம். இரண்டிலும் இருக்கும் நிறமிகள் வேறு வேறாக இருந்தால் இப்படி ஆகும். பழைய ரெக்சினில் மஞ்சளுக்கு ஈய குரோமேட் போட்டிருப்பார்கள், இன்றைய டின்ட்டரில் (கலரை மாற்ற டையில் சேர்க்கும் நிறமிக் குழம்பு) அது பெரும்பாலும் இருக்காது. டியூப்லைட்டில் உட்கார்ந்து கலந்து முடித்துவிட்டு, வண்டியை வெளியே எடுத்ததும் சிவப்படிக்கிறது என்று தலையில் கை வைப்பது இதனால்தான்.

சோதனை சுலபம். ஒரு துண்டு ரெக்சினில் அடித்துக் காயவைத்த மாதிரியை அசலோடு ஒட்டி வைத்து, முதலில் பகல் நிழலில் பாருங்கள், அடுத்து 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் வெள்ளை எல்.ஈ.டி.யில், கடைசியாக 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் பல்பில். மூன்றிலும் ஒரே மாதிரி விலகியிருந்தால் கலவையில் கை வைக்கலாம். ஒன்றில் சேர்ந்து ஒன்றில் பிரிந்தால் நிறமி வகையே வேறு என்று அர்த்தம், சொட்டுக் கணக்கில் அது தீராது. பளிச்சென்ற ஆர்கானிக் மஞ்சளுக்குப் பதில் யெல்லோ ஆக்ஸைடு, பளிச்சென்ற சிவப்புக்குப் பதில் ரெட் ஆக்ஸைடு என்று மாற்றிப் பாருங்கள். நிறமிகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள், ஆறு டின்ட்டர் போட்டுப் பிடிப்பதை மூன்றில் பிடித்தால் பிரிவதற்கு வாய்ப்பும் குறைவு. எல்லா வெளிச்சத்திலும் நூறு சதம் சேர்ப்பது சில கலரில் நடக்காது. அப்போது பகல் வெளிச்சத்துக்கு முதலிடம் கொடுங்கள், பழைய வண்டியைக் கொண்டு போய்க் காட்டுவது பகலில்தானே.

பகல் நிழல் என்றாலும் எந்த நிழல் என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஷெட்டுக்கு வெளியே வந்தால் வயலும் தென்னையும்தான், பச்சை நிறம் எகிறி வந்து கிரீம் மேல் விழும். மேற்கே போனால் செங்கல் நிறத்தில் வெட்டுக்கல் சுவர், அதன் பக்கத்தில் நின்று பார்த்தால் எல்லாமே கொஞ்சம் சிவக்கும். வெள்ளை அல்லது சாம்பல் நிறத் துணியைப் பின்னால் பிடியுங்கள், காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள் பாருங்கள், நேர்வெயில் வேண்டாம். போட்டிருக்கும் சட்டை ஆரஞ்சு என்றால் அதுவும் கணக்கில் வரும். மாதிரியையும் அசலையும் இடைவெளி இல்லாமல், ஒரே மட்டத்தில், ஒரே சாய்வில் வையுங்கள், பிறகு இடம் வலம் மாற்றிப் பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் முறைத்துப் பார்த்தால் கண் பழகிப்போய் எல்லாம் சேர்ந்த மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். முன் கண்ணாடி மாற்றின வண்டியாக இருந்தால், புதுக் கண்ணாடியில் இலேசான பச்சைச் சாயல் இருக்கக்கூடும். கடைசி ஒப்பீட்டை வண்டிக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

டப்பா ஒன்றுதான், ஆனால் டேஷ்போர்டு ஒரு கலர், சீட்டு ஒரு கலர்

அதிகம் வருகிற புகாரும் இதுதான், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பளபளப்பான பரப்பு எதிரொளியை ஒரே பக்கம் அனுப்பிவிடும், நாம் சாய்ந்து பார்க்கும்போது உள்ளிருக்கும் கலர் மட்டும் ஆழமாகத் தெரியும். மேட் பரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அந்த வெள்ளை வெளிச்சம் கலரோடு கலந்து வெளுத்துக் காட்டும். ஆகவே ஒரே மெரூன், மினுங்கினால் கருத்த மெரூன், மேட்டாக இருந்தால் புழுதி படிந்த மெரூன். கரும் நிறங்களில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், கிரீமில் அவ்வளவாகத் தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து இரண்டு பரப்பையும் ஒரே சமயத்தில் நனையுங்கள். தண்ணீர்ப் படலம் இரண்டையும் ஒரே பளபளப்புக்குக் கொண்டுவந்துவிடும். நனைந்திருக்கும்போது கலர் சேர்ந்து, காய்ந்ததும் பிரிந்தால் நிறமி சரி, மினுக்குத்தான் தப்பு. நனைந்தும் சேரவில்லை என்றால்தான் டின்ட்டர் பக்கம் போக வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

மினுக்கைச் சரிசெய்ய மேல் கோட்டாக மேட் கிளியர் (நிறமில்லாத, மினுங்காத பூச்சு) அடிக்கலாம், அல்லது டையிலேயே மினுக்கைக் குறைக்கும் மேட்டிங் பேஸ்ட் சேர்க்கலாம். பேஸ்ட் சேர்த்தால் கலரும் வெளுக்கும் என்பதால் அதை முதலில் முடித்துவிட்டுப் பிறகு ஷேடு பார்ப்பதுதான் முறை. பலர் தலைகீழாகச் செய்து இரண்டு தடவை கலக்குகிறார்கள். டேஷ்போர்டின் மேல்பக்கத்தை எப்படியும் மேட்டாகவே விடுங்கள், இல்லாவிட்டால் அதன் எதிரொளி முன் கண்ணாடியில் விழுந்து ஓட்டுகிறவர் கண்ணைக் குத்தும்.

பரப்பின் வரி வேலைப்பாடும் இதே மாதிரி ஏமாற்றும். ரெக்சினில் இருக்கும் தோல் வரிக்குள் டை தேங்கினால் வரி மூடிப்போய், பரப்பு வழுவழுப்பாகி, கலர் கருக்கும். ஸ்பிரே கன்னை ரொம்பத் தள்ளிப் பிடித்தால் டை காற்றிலேயே காய்ந்து பொடியாக உட்கார்ந்து வெளுப்பாகத் தெரியும். ஸ்பிரே கேன் என்றால் 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம், லேசான கோட்டாக மூன்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் இடையில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய விடுங்கள். சீட்டை ஒருவரும் டோர் பேடை இன்னொருவரும் அடித்தால் ஒரே டப்பாவிலும் இரண்டு ஷேடு வரும், கை வேறு அல்லவா.

அசலோடு வைத்துப் பார்த்தால் சேருகிறது, வண்டியில் மாட்டினால் துருத்திக்கொண்டு நிற்கிறது

எது அசல் என்பதில்தான் சிக்கல். வெயில் பட்ட ரெக்சினில் எல்லா நிறமியும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. டைட்டானியம் வெள்ளை, இரும்பு ஆக்ஸைடுகள், கார்பன் கருப்பு மூன்றும் உறுதியாக நிற்கும். ஆர்கானிக் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும். சிவப்பு போய்விட்ட பழுப்பு, பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நோஞ்சான் கலராகத் தெரியும். வெள்ளையும் கிரீமும் எதிர்த்திசையில் போகும், பி.வி.சி. வெப்பத்தில் சிதையச் சிதைய மஞ்சளிக்கும். வெயிலில் நிற்கிற வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம், அதில் எத்தனை வருடம் வெந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளுக்காத அசலைத் தேட இடங்கள் உண்டு: டோர் பேடைக் கழற்றினால் அட்டைக்குப் பின்னால் மடித்து ஒட்டிய விளிம்பு, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் வாஷருக்கு அடியில் இருக்கும் வட்டம், ஆர்ம்ரெஸ்ட் உட்கார்ந்திருந்த தடம், சன்வைசர் பிராக்கெட்டுக்கு அடி, பின் சீட்டின் கீழ்ப்பாவாடை. நம் ஊரில் கூடுதலாக ஒரு வசதி இருக்கிறது. ஷோரூமிலிருந்து வந்த அன்றே சீட் கவர் போட்டு, அதன் மேல் துண்டும் விரித்து ஓட்டிய குடும்பங்கள் ஏராளம். கவரைக் கழற்றினால் சீட்டு அப்படியே புதுசாக இருக்கும், டோர் பேட் மட்டும் செத்துப்போயிருக்கும். அந்தச் சீட்டை உடனே அசல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். உள்ளே முழுவதையும் அடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒளிந்திருக்கும் அசலுக்குச் சேர்க்கவும். ஒரே ஒரு டோர் பேட் கிழிந்து மாற்றுகிறீர்கள் என்றால் பக்கத்தில் இருக்கும் வெளுத்ததற்குத்தான் சேர்க்க வேண்டும். அதில் கௌரவம் பார்த்து 1974-ல் பாக்டரியிலிருந்து வந்த கலரைப் பிடித்தேன் என்று நின்றால், ஒரு கதவு மட்டும் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய மாதிரி இருக்கும்.

எதற்குச் சேர்த்தாலும் முதலில் கழுவுங்கள். தலை எண்ணெய், சிகரெட் புகை, டேஷ்போர்டு பாலிஷ், வியர்வை எல்லாம் சேர்ந்து ஒரு மஞ்சள் படலம் போட்டிருக்கும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் வைத்து வரிக்குள் இருப்பதை எடுத்து, முழுதாகக் காயவிட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் கழுவியதோடு வேலை முடிந்துவிடும், டையே வேண்டாம். கூலி போச்சே என்று இருக்கும், சரி, போகட்டும்.

மேற்கிலிருந்து வருகிற வண்டிகளில் கிரீம் ரெக்சின் மேல் இளஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அதைத் தேய்த்துப் பிரயோசனம் இல்லை. சில நுண்ணுயிர்கள் விடுகிற சாயம் ரெக்சினை மெத்தென்று வைத்திருக்கும் பிளாஸ்டிசைசரில் கரைந்து ஆழத்துக்குப் போயிருக்கும். மேலே டை அடித்தாலும் மெல்ல மேலேறி வரக்கூடும். அந்த இடத்தை ஒப்பிடுவதற்கு எடுக்காதீர்கள், திட்டு பெரிதாக இருந்தால் ரெக்சினையே மாற்றுவது நல்லது.

கடை மெஷின் ஃபார்முலா கொடுத்தது, அடித்தால் வேறு கலர்

பெயிண்ட் கடையில் கலர் பார்க்கும் மெஷின் தட்டையான, மினுங்கும் பாடி பெயிண்டைப் படிப்பதற்குப் பழகியது. வரி போட்ட ரெக்சினைக் கொடுத்தால் பள்ளத்து நிழலையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கருத்த ஃபார்முலா கொடுக்கும். மெஷின் வாயைவிடப் பெரிய, தட்டையான, கழுவின துண்டைக் கொடுங்கள், நாலைந்து இடத்தில் படித்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். ஃபார்முலா வந்தாலும் அது பாடி பெயிண்டின் ரெசினுக்கும் அதன் மேல் வரும் கிளியருக்கும் கணக்குப் போட்டது. அதில் டின்ட்டர் விகிதத்தை மட்டும் ஆரம்பப் புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயிண்டையே சீட்டில் அடித்தால், வளையும் தன்மைக்கான சேர்மானம் இல்லாததால், உட்கார்ந்து எழுந்தாலே விரிசல் விடும்.

ஒரு சொட்டு கருப்பு விட்டேன், பச்சையாகிவிட்டது

இப்போது டின்ட்டருக்கு வருவோம். வெளிச்சம், மினுக்கு, அசல் மூன்றும் சரியென்று தெரிந்த பிறகு மட்டும்.

கிரீம், பிஸ்கட் கலர்களில் மஞ்சள் நிறமி நிறைய இருக்கும். மஞ்சளோடு கருப்பு சேர்ந்தால் ஆலிவ் பச்சை வரும். அதனால் கிரீமைக் கொஞ்சம் அடர்த்தியாக்கக் கருப்பு எடுக்காதீர்கள், பழுப்பு ஆக்ஸைடோ அம்பரோ (umber, பழுப்பு மண் நிறமி) எடுங்கள். ஏற்கெனவே பச்சையடித்துவிட்டதென்றால் ரெட் ஆக்ஸைடைத் துளியாகக் காட்டினால் பச்சை அடங்கும். மஞ்சள் அதிகமாகத் தெரிகிறது என்று நீலம் விடுகிறவர்களும் உண்டு, அதுவும் பச்சைக்கே போகும். மஞ்சளை அடக்க வயலட்தான், அதுவும் ஊசி முனையளவு.

சாம்பல் நிற டேஷ்போர்டில் வேறு தொல்லை. வெள்ளையும் கார்பன் கருப்பும் மட்டும் சேர்ந்தால் நீலச் சாயல் அடிக்கும், பழைய சாம்பலோ கொஞ்சம் மஞ்சள், பழுப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். யெல்லோ ஆக்ஸைடு சிறிது, போதவில்லை என்றால் அம்பர் சிறிது. மெரூனை வெளுக்க வெள்ளை விட்டால் ரோஸாகும். அதற்குப் பதில் அதே குடும்பத்துச் சிவப்பையோ ஆரஞ்சு சாயல் ஆக்ஸைடையோ கூட்டுங்கள். பழைய கருப்பு என்பது பெரும்பாலும் கருப்பே இல்லை, பழுப்புச் சாயலுள்ள அடர் சாம்பல். கேனில் வரும் கருப்பை அப்படியே அடித்தால் டேஷ்போர்டில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

கலக்கும் முறை பற்றிக் கொஞ்சம் கறாராக இருங்கள். நகை நிறுக்கிற மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் காட்டுவது, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். சொட்டு என்பது அளவே இல்லை, பாட்டில் மூக்கைப் பொறுத்து மாறும். 100 கிராம் டை எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு டின்ட்டர் மட்டும், எவ்வளவு போட்டீர்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு செய்யுங்கள். முதலில் வெளுப்பா கருப்பா என்பதைச் சரிசெய்யுங்கள், அடுத்து எந்த நிறத்தின் பக்கம் சாய்கிறது, கடைசியாகப் பளிச்சென்று இருக்கிறதா மங்கலாக இருக்கிறதா. மங்கலாக்குவது எளிது, மங்கியதை மறுபடி பளிச்சென்று ஆக்க முடியாது. ஆகவே சுத்தமான பக்கத்திலிருந்து மங்கலை நோக்கிப் போங்கள்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு துண்டு ரெக்சினில் அடித்துக் காயவைக்க வேண்டும். குச்சியில் தொட்டுப் பார்ப்பது, பேப்பரில் தேய்ப்பது, டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து முடிவெடுப்பது எல்லாம் வீண். தண்ணீர் டை (சால்வென்ட்டுக்குப் பதில் பெரும்பாலும் தண்ணீர் உள்ள வகை) ஈரத்தில் பால் மாதிரி வெளுத்திருந்து காய்ந்ததும் கருக்கும். மேட்டிங் உள்ள சால்வென்ட் டை ஈரத்தில் மினுங்கிக் கருத்திருந்து காய்ந்ததும் வெளுக்கும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் காட்டலாம், ஆனால் கடைசி முடிவை ஓர் இரவு காய்ந்த துண்டை வைத்து எடுங்கள். எங்கள் குஷன் கடை அண்ணாச்சி வெட்டித் தள்ளும் துண்டு ரெக்சின் சாக்கு மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடை இருக்கும்.

மூன்று நான்கு திருத்தத்துக்குள் பிடிபடவில்லை என்றால் அந்தக் கலவையை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். இதைச் சரிசெய்ய அது, அதைச் சரிசெய்ய இது என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் எல்லாக் கலவையும் ஒரே சேற்று நிறத்தில் போய் நிற்கும்.

முதல் கதவு ஒரு ஷேடு, நாலாவது கதவு ஒரு ஷேடு

மேட்டிங் பொடி அடியில் படிந்திருக்கிறது. கலக்காமல் ஊற்றினால் மேலே இருப்பது மினுக்காகவும் அடியில் இருப்பது மேட்டாகவும் அடிக்கும். குச்சியால் அடியைச் சுரண்டிக் கலக்குங்கள், கேன் என்றால் குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் குலுக்குங்கள். இரண்டு மூன்று டப்பா வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது, ஒரே நம்பர் என்றாலும் பேட்ச் மாறினால் ஷேடு மாறும். கேனில் அது முடியாது, அதனால் ஒரு கேனை ஒரு கதவின் நடுவில் முடிக்காதீர்கள், விளிம்பில் முடியுங்கள்.

அடித்த கொஞ்ச நேரத்தில் பால் பூத்தது போல வெளுக்கிறது

சாரல் காலத்தில் இந்த ஒரு கோளாறுதான் எங்களைப் படுத்தும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும், குற்றாலத்துக்குக் கூட்டம் வரும், நமக்கு வேலை நிற்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, காயாத ரெசினோடு கலந்து அதைத் திரிய வைக்கிறது. மெரூன், கருப்பு, சாக்லேட் கலர்களில் அப்பட்டமாகத் தெரியும். கிரீமில் தெரியாது, ஆனால் அங்கேயும் ஷேடு ஒரு படி வெளுத்திருக்கும். கிரீம் சேரவில்லை என்று சாரலில் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்தக் கிழமை அடித்தீர்கள், அன்றைக்கு மழையா என்பதைத்தான்.

பூத்துவிட்டதை உரிக்க வேண்டாம். வெயில் வந்த நாளில், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மூடுபனி மாதிரி லேசாக அடித்தால் படலம் இளகி, ஈரம் வெளியேறி, கலர் திரும்பிவிடும். அதன் பிறகு ஷேடைப் பாருங்கள். அடுத்த தடவைக்கு, டையைத் தயாரித்தவர் அனுமதிக்கும் மெதுவான தின்னரைப் பயன்படுத்துங்கள், பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் அடியுங்கள், கம்ப்ரஸர் டாங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரைத் தினமும் வடியுங்கள், லைனில் ஒரு வாட்டர் செப்பரேட்டர் போடுங்கள். ஷெட்டைச் சூடாக்குகிறேன் என்று அடுப்பு, ஹீட்டர், குண்டு பல்பு எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அந்த ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும்.

முகத்துக்கும் சொல்லிவிடுகிறேன். கர்சீப் கட்டுவதும் தூசி மாஸ்க்கும் சால்வென்ட்டை நிறுத்தாது. கரி கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும், கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஹார்டனர் கலக்கிற இரண்டு பாக பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு என்றால் அதில் ஐசோசயனேட் இருக்கும், மூச்சுக்குழாயைக் கெடுக்கும், அதை முறையான பெயிண்ட் பூத்தில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

வட்ட வட்டமாக விலகுகிறது

சிலிக்கான். டேஷ்போர்டைப் பளபளக்க வைக்கும் பாலிஷில் இருப்பது. கடைசி வருடங்களில் யாரோ அன்பாகத் தடவித் தடவி வைத்திருப்பார்கள். மேலே இன்னொரு கோட் அடித்து மூடப் பார்த்தால் வட்டம் பெரிதாகும், அந்த இடமெல்லாம் அடித்தளம் எட்டிப் பார்த்து ஷேடு மாறும். தின்னரில் துடைத்து எடுத்துவிட்டு, சோப்பு, பிறகு வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர், ஒவ்வொரு தடவையும் புதிய பனியன் துணி. ஒரே துணியை வைத்துத் துடைத்தால் சிலிக்கானை இங்கிருந்து அங்கே பரப்புகிறோம், அவ்வளவுதான். சுத்தமானதா என்று பார்க்கத் தண்ணீரை ஊற்றுங்கள்: முத்து முத்தாக உருண்டால் இன்னும் இருக்கிறது, பரவி நின்றால் போதும்.

பல நாள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை

வீட்டுக் கதவு, ஜன்னலுக்கு அடிக்கிற இனாமலை ரெக்சினில் அடித்திருக்கிறார்கள். ரெக்சினிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் இனாமலை முழுதாகக் காய விடாது. புழுதி ஒட்டி, ஒரு மாதத்தில் கலரே வேறாகிவிடும். மேலே எதை அடித்தாலும் நிற்காது, முழுவதும் எடுத்தாக வேண்டும், அந்த வேலையில் ரெக்சினின் வரியும் போகும் என்பதால் புது ரெக்சின் போடுவது பெரும்பாலும் மலிவு. வினைல் டையையே ஒரேயடியாகக் கனமாக அடித்திருந்தாலும் சில நாள் பிசுபிசுக்கும், அது சால்வென்ட் உள்ளே மாட்டிக்கொண்டதால். அதை வெயில் படாத காற்றோட்டத்தில் விட்டால் தானே சரியாகும்.

நகம் பட்டால் உரிகிறது

அடியில் இருந்த அழுக்கு காரணம் இல்லை என்றால், பிளாஸ்டிக்கின் வகைதான் காரணம். ரெக்சினில் நிற்கும் டை பாலிப்ரொப்பிலீனில் நிற்காது. மறைவான விளிம்பில் நகத்தளவு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் குடும்பம், டை பிடிப்பதற்கு முதலில் அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம். மூழ்கினால் ஏ.பி.எஸ். அல்லது பி.வி.சி.யாக இருக்கலாம், கிரே ஸ்காட்ச் பிரைட்டால் (சாம்பல் நிற நார்ப் பட்டை) மெதுவாக உரசி, துடைத்து, அடிக்கலாம். எமரி பேப்பர் போட்டு வரியைத் தேய்த்துவிடாதீர்கள். பிரைமர் போட்ட இடத்துக்கும் போடாத இடத்துக்கும் ஷேடு சற்று மாறலாம் என்பதால் மாதிரித் துண்டிலும் அதே பிரைமரைப் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

வேட்டியில் கலர் ஏறுகிறது

கல்யாணத்துக்கு என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏறியவர் இறங்கும்போது பின்பக்கம் மெரூன். வண்டியைக் கொடுக்கும் முன் நனைத்த வெள்ளைத் துணியால் சீட்டை அழுத்தித் தேயுங்கள், பிறகு காய்ந்த துணியால். கலர் வந்தால் டை இன்னும் முழுதாகக் காயவில்லை, அல்லது பொடியாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது டின்ட்டர் அளவுக்கு மீறிப் போய் அதைப் பிடித்துவைக்க ரெசின் போதவில்லை. முதலாவதற்கு நாள் கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் மேலே ஒரு கிளியர் கோட், டை எந்தக் குடும்பமோ அதே குடும்பத்தில். கிளியர் அடித்ததும் கலர் ஒரு படி ஆழமாகும், அதனால் கிளியர் போடப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால் மாதிரித் துண்டுக்கும் கிளியர் போட்டுப் பாருங்கள்.

சிவப்புச் சீட்டுக்குக் கிரீம் அடித்தேன், ரோஸாக வருகிறது

பழைய சிவப்புச் சாயம் சால்வென்ட்டில் கரைந்து மேலேறுகிறது. கோட் கூடக் கூட சால்வென்ட்டும் கூடும், ரோஸும் கூடும். கிரீமில் பச்சை விட்டு அடக்கப் பார்க்காதீர்கள், இன்றைக்குச் சேரும், அடுத்த மாதம் மறுபடி ஏறும். தண்ணீர் டையில் முதல் இரண்டு கோட்டை மெல்லியதாகப் போட்டு, இடையில் சாம்பல் கலரில் ஒரு கோட் கொடுத்தால் சில சீட்டுகளில் நிற்கும். மறைவான பக்கத்தில் அடித்து ஒரு வாரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். நிற்காவிட்டால் குஷன் கடையில் கிரீம் ரெக்சினே வாங்கித் தைத்துவிட்டு, டையை டோர் பேடுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது டோர் பேடைச் சேர்க்க வேண்டியது புது ரெக்சினுக்கு. மீட்டர் வெட்டும்போதே உள்ளங்கையகலத் துண்டு ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்கி, ஃபார்முலா எழுதிய நோட்டுக்குள் செருகி வையுங்கள். மிச்ச டையைச் சின்னப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி, மேலே தேதியும் வண்டி நம்பரும் எழுதிவிடுங்கள்.